பின்பக்கம் வரையப்படவில்லை

அன்று பாலில்லாத கட்டன்சாயா சன்னல் வழியாக வந்தது.

டெனிஷ் கம்பிகளுக்கு இடையே கைநீட்டி டம்ளரை வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, மடிக்கணினித் திரையில் நின்ற ஒட்டகத்தின் கழுத்தை இரண்டு மில்லிமீட்டர் தாழ்த்தி, இன்னொரு மடக்கும் குடித்த பிறகுதான் அதிலிருந்த கோளாறு அவனுக்கு உறைத்தது. நாலு வருஷமாக அவனுக்குச் சாயா வருவது முதுகுப் பக்கமிருந்துதான். மூன்றரை மணிக்கு அடுக்களையிலிருந்து ரப்பர் செருப்பு 'சளக் சளக்' என்று கிளம்பும். விறகுப் புகையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசம் ஒன்று அதற்கு முன்னால் ஓடி வரும். இடது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, கண்ணாடி டம்ளரை மேசையில் 'ணங்' என்று வைக்கும். வைத்த கையோடு வசவும் வரும்.

"சாயா. தணுத்துப் போனா என்னெச் சொல்லாத. இஞ்சினீயருக்குப் படிச்ச கைக்கு கத்திரிக்கோலு. எனக்க யோகம்."

அவன் திரும்பாமல் "ம்" என்பான். ரீத்தாவுக்கும் அவள் மகனுக்கும் இந்த நாலு வருஷத்தில் நடந்த உரையாடல் முழுவதையும் எழுதிவைத்தால் அரைப் பக்கம் தேறும். அதில் அவன் பங்கு அந்த ஓரெழுத்து.

இன்றைக்கு வசவு இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. சன்னலுக்கு வெளியே, வாழைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சேற்றில், தூறலில், குடையில்லாமல் அம்மா நின்றிருந்தாள். நீல நைட்டி. தோளில் துவர்த்துத் துண்டு. முகத்தில் சிரிப்பு.

"சாயா," என்றாள்.

"மழையத்து என்னத்துக்கும்மா நிக்கிய? உள்ள வாறதுக்கென்ன?"

சிரிப்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. பிறகு சன்னலைவிட்டு அகன்றாள். திரும்பி நடக்கவில்லை. முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு, மேசை இழுப்பறையை மூடுவதுபோல, பக்கவாட்டில் சட்டத்துக்கு அப்பால் நகர்ந்துபோனாள்.

சாயா ஆறியிருந்தது. சீனியும் இல்லை. டம்ளரை வைத்தபோது விரல்களில் நீலக் கறை பட்டிருந்தது. பிரிண்டருக்கு மை ஊற்றிய கறையாக இருக்கும் என்று கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஒட்டகத்திடம் திரும்பினான்.

மை ஊற்றியது முந்தாநாள்.

டெனிஷின் தொழிலை ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. கருங்கல் சந்தையில் யாராவது பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் ரீத்தா "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு உடனே சாளை என்ன விலை என்று மீன்காரியிடம் திரும்பிக்கொள்வாள். உண்மையில் அவன் காகிதப் பொம்மை செய்கிறவன். ஓர் உருவத்தைக் கணினிக்குள் முழுசாகக் கட்டுவான். பிறகு தோலை உரிப்பதுபோல அதைப் பிரித்துத் தட்டையாக்கி, தாளில் அடங்கும் துண்டுகளாக அடுக்கி, இணையத்தில் விற்பான். வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டில் அச்செடுத்து, வெட்டி, மடித்து, ஒட்டினால் பொம்மை எழுந்து நிற்கும். முழுக்கோடு என்றால் வெட்டு. புள்ளிக்கோடு என்றால் மடிப்பு. மடிக்குமுன் மை தீர்ந்த பேனாவால் கோட்டின்மேல் ஒருமுறை அழுத்தி இழுத்தால் மடிப்பு ஒழுங்காக விழும். ஒட்டுவதற்கென்று ஓரங்களில் விடும் சின்னப் பட்டைகளுக்கு அவன் வைத்திருந்த பெயர் நாக்கு. நாக்குக்கு ஒரு எண், அது போய் ஒட்ட வேண்டிய விளிம்புக்கும் அதே எண். ஆட்டோ, யானை, விசைப்படகு, குழித்துறை ஆற்றுப்பாலம் என்று உலகத்தின் கணிசமான பகுதியை அவன் இவ்வாறு தோலுரித்து முடித்திருந்தான்.

டிசம்பர் வந்தால் குடில். கிறிஸ்மஸுக்குக் குடில் கட்டாத வீட்டை இந்தப் பக்கத்தில் வீடாகவே எண்ணமாட்டார்கள். கல்யாணமாகி தோஹாவுக்குப் போன அக்காள் ஷீஜா, அடுக்குமாடியில் வைக்கோலுக்கும் மண்ணுக்கும் நான் எங்கே போவேன், கடலாசுத் தாளிலேயே ஒரு குடில் செய்து அனுப்பு, இடையர்கள் மட்டும் நம் வீட்டு ஆட்களாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தாள். அதன்படி அத்தான் ஒட்டகம் மேய்ப்பவர் ஆனார். டெனிஷ் ஆட்டுக்குட்டி சுமப்பவன் ஆனான். அம்மா, நீல நைட்டியும் துவர்த்துமாக, கையில் சாயா டம்ளருடன் பாலன் இயேசுவைப் பார்க்க வந்த இடைச்சி ஆனாள்.

அம்மாவை முந்தாநாள் சாயங்காலம் புறக்கடையில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தான். வெயில் சரிந்து அடித்ததில் முகத்தின் வலப்பாதி வெளுத்துப்போயிருந்தது. இன்னொரு படம் எடுத்திருக்கலாம். ஆனால் அதற்கு எழுந்து போக வேண்டும். அதைவிட எளிதாக, நன்றாக விழுந்த இடப்பாதியைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வலப்பாதியாக வைத்தான். ஒரே சொடுக்கு. இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அம்மாவின் இடது மூக்கோரத்து மச்சம் அதில் இரண்டு மச்சமாயிற்று. கட்டைவிரல் உயரப் பொம்மையில் அதை யார் எண்ணப்போகிறார்கள்?

முதுகு வரையவில்லை. அதுவும் எல்லாரும் செய்வதுதான். குடிலில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க வருகிறவர்களைப் பார்த்து நிற்கிறவர்கள். பின்பக்கம் சுவருக்கும் வைக்கோலுக்கும் சொந்தம். அங்கே வெள்ளைத் தாள், புள்ளிக்கோடு, நாக்குகள், எண்கள். மையாவது மிஞ்சும்.

காலையில் வெட்டி ஒட்டிய முதல் பொம்மையை அம்மா விரல்களுக்கு நடுவே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லேய், எனக்கு முதுகு எங்க?"

"குடில்ல ஆரும்மா முதுகெப் பாக்கப் போறா?"

"அதுஞ் செரிதான். நாலு வருசமா நான் உனக்க முதுகெத்தானே பாக்கியேன். எனக்கதெ ஆரு பாத்தா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பொம்மையைத் திரையின் ஓரத்தில் சாய்த்துவைத்தாள். "கோயில்ல குடில் கெட்டுதாவ. வைக்கோல் விரிச்சுக் குடுத்துட்டு உச்சைக்கு வந்திருவேன்" என்றாள். செருப்பு முற்றத்தைக் கடந்தது. கேட் கிறீச்சிட்டது.

மதிய உச்சைக்கு அந்தக் கேட் மறுபடி கிறீச்சிட்டதா என்று யாராவது கேட்டால் டெனிஷால் சொல்ல முடியாது. அவன் காதில் ஹெட்போன் இருந்தது.

நாலேகால் மணிக்கு ஷீஜா வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் தோஹா வெயில். இவன் சன்னலில் சாம்பல் நிற மழை.

"எலே, ஒட்டியாச்சு! உனக்க அத்தான் நாலு விரலையும் ஒட்டிட்டு நிக்காரு. பாத்தியா?"

குடிலைக் காட்டினாள். அடக்கமாக, அழகாக வந்திருந்தது. அத்தான் ஒட்டகத்தோடு நின்றார். டெனிஷ் ஆட்டுக்குட்டியோடு நின்றான். ஓர் ஓரத்தில் சுவரோடு சேர்த்துப் பசைநாடா போட்டு அம்மா.

"அவிய மட்டும் நிக்கமாட்டேங்காவ. நேரா வச்சிட்டுப் போய் பாத்தா தன்னால ஆள் இருக்க பக்கமாட்டுத் திரும்பி நிக்காவ. ஏசிக் காத்தாட்டு இருக்கும். பின்ன, முதுகு இல்ல. வெள்ளையா இருக்கதெப் பாக்க ஒருமாதிரி இருக்கு மக்கா. கொண்டை எங்க, பின்னு எங்க? மச்சம் வேற ரெண்டு. மடியன் நீ."

"குடில்ல முதுகு..."

"உனக்க சட்டம் எனக்கு வேண்டாம். முதுகு வரைஞ்சு அனுப்பு. அம்மையெப் போன்ல காணி முதல்ல. காலத்தேருந்து போன் எடுக்கல்ல."

அவன் கைபேசியை ஏந்திக்கொண்டு எழுந்தான். நடுக்கூடத்தில் கொடியில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகளின் புளித்த வாடை மழை ஈரத்தில் கனத்துக் கிடந்தது. அதற்கடியில் வேறொரு வாடையும் இருந்தது, அவன் மேசையைவிட்டு ஒருபோதும் வெளியே வந்திராத வாடை: புதிதாக அச்சான தாளும் வெள்ளைப் பசையும். அடுக்களையில் விளக்கு போடவில்லை. அடுப்பு எரியவில்லை. சாம்பல்கூட ஆறின பழைய சாம்பல். பிறகு சாயா எதில் கொதித்தது என்று மனதின் ஓர் ஓரம் கேட்டது. மற்ற ஓரங்கள் அதைப் பேசவிடவில்லை.

அம்மா பாத்திர அலமாரிக்கும் மூலைக்கும் நடுவில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள்.

"அம்மா, அக்கா."

திரையை அவள் பக்கம் திருப்பினான். ஷீஜா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள்.

"அம்மா? சாயா குடிச்சியா?"

"சாயா," என்றாள் அம்மா.

"எலே டெனிஷ்." ஷீஜா குரலைத் தாழ்த்தினாள். "நீ போட்டோவா காட்டுத?"

"என்ன போட்டோ? ஆளு நிக்காவல்லா."

"கண்ணு இமைக்கல்ல லேய். நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு தடவகூட இமைக்கல்ல. பின்ன அந்த..."

மின்சாரம் போயிற்று. அதோடு வைஃபையும் போயிற்று. திரையில் ஷீஜா வாயைத் திறந்தபடி உறைந்து, கட்டங்கட்டமாகச் சிதறி, காணாமல்போனாள்.

மழை ஓட்டில் ஒரே சீராகப் பெய்தது. அரையிருட்டில் அந்த முகம் மட்டும் துல்லியமாகத் தெரிந்தது, வெளிச்சம் அதன்மேல் எங்கிருந்தும் விழாமலே. அவன் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அம்மாவை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. இடது மூக்கோரத்தில் மச்சம். வலது மூக்கோரத்தில் மச்சம். நடுவகிட்டின் இந்தப் பக்கம் நெற்றியில் விழுந்த ஒற்றை நரைமுடி, அந்தப் பக்கமும் அதே வளைவில் விழுந்திருந்தது. கழுத்தின் சுருக்கங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சரிசமம். நைட்டியின் கீழ் விளிம்பு நனைந்து அலையலையாகச் சுருண்டிருந்தது. அதிலிருந்து நீலம் சொட்டியது. தரையில் சின்னதாக ஒரு நீலக் குட்டை.

பயந்தவர்கள் எல்லாரும் செய்வதையே அவனும் செய்தான். ஒன்றும் நடக்காததுபோலப் பேசினான்.

"ராத்திரிக்குக் கஞ்சி போதும்மா."

சொல்லிக்கொண்டே கதவை நோக்கிப் பின்னோக்கி நடந்தான். நடுக்கூடம் வரைக்கும் வந்த பிறகுதான், தானும் முதுகைக் காட்டாமல் நடந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது.

அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அம்மா வந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று எப்போதோ கழன்றதை யாரும் திருப்பிப் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தைப் பார்த்தான்.

பொம்மை அங்கே இல்லை.

மேசைக்கு அடியில் தேடினான். பிரிண்டருக்குப் பின்னால் தேடினான். வெட்டிப்போட்ட தாள்கழிவுக் கூடையைக் கவிழ்த்தான். அம்மாவை வெட்டியெடுத்த தாள் மட்டும் கிடைத்தது. நடுவில் அவள் உருவத்துக்கு ஓட்டை. அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தபோது ஓட்டைக்குள் வாழையிலை அசைந்தது.

கணினியோடு வாழ்கிறவனுக்கு எந்தப் பயத்துக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான்: கோப்பைத் திறந்து பிழையைத் திருத்துவது. முதலில் வலது மச்சத்தை அழித்தான். சேமித்தான். பின்பக்கத் துண்டைத் திறந்தான். வெள்ளை. தூரிகையைத் தேர்ந்தான். இரண்டு வட்டம் போட்டால் கொண்டை, நாலு கோடு போட்டால் துவர்த்து. பத்து நிமிஷ வேலை.

கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கும்?

கை நின்றது. பின் குத்துவாளா, ரப்பர் வளையமா? நைட்டிக்குப் பின்னால் சுருக்கு உண்டா? பிடரியில் முடி சுருண்டிருக்குமா, நரைத்திருக்குமா? துவர்த்தின் எந்த முனை முன்னால் வரும், எது பின்னால் தொங்கும்? ஒன்றும் தெரியவில்லை. கைபேசியைத் திறந்தான். ஆயிரத்து இருநூறு படம். எட்டில் அம்மா இருந்தாள். எட்டிலும் முகம். அப்பா மத்தியாஸை அடக்கம் செய்த நாளில் கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவன் அவளுக்குப் பின்னால்தான் நடந்தான். முழுசாக அரைமணி நேரம் அந்த முதுகு அவன் கண்ணுக்கு நேரே போயிருக்கிறது. அன்றைக்கு நினைவில் இருப்பது கைபேசியில் மின்கலம் பன்னிரண்டு சதவீதம் இருந்தது என்பது.

கைபேசியை மேசையில் போட்டான். பயத்திலா, வேறெதிலா என்று பிரிக்க நேரமில்லை.

அடுக்களையில் ஏதோ அசைந்தது.

சர்ர்.

தாளைத் தரையில் இழுக்கிற சத்தம். பெரிய தாள். கனத்த தாள். புறக்கடைக் கதவு திறந்தது. சத்தம் வெளியே மழைக்குள் இறங்கியது, நனைந்தது, மந்தமாயிற்று. வீட்டின் சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. கழிவறை மூலை. தண்ணீர்த் தொட்டி. வாழை இலைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. சர்ர். சர்ர்.

சன்னலை மூட எழுந்தான். அதற்குள் முகம் வந்துவிட்டது.

வலப்பக்கம் மச்சம் இல்லை. அங்கே வெள்ளையாக ஒரு சின்ன வட்டம் இருந்தது, ரப்பரால் அழித்ததுபோல. மழையில் கன்னத்தின் பழுப்பு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. சிரிப்பு கரையவில்லை.

"வரைஞ்சியா மக்கா?"

குரல் அம்மாவுடையதுதான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கைபேசி மேசையில் அதிர்ந்தது. ஜான்ரோஸ். மாதா கோயில் இளைஞர் குழுவின் செயலாளர். குடிலுக்கு மின்விளக்கு கட்டுகிறவன். டெனிஷ் சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் எடுத்தான்.

"டெனிஷே, வீட்டுல தானா? உனக்க அம்மை விசயமாட்டு விளிச்சேன் மக்கா. தப்பா நினைக்காத."

"சொல்லு."

"மாமி காலத்தேருந்து குடிலுக்க கிட்ட நிக்காவ. வைக்கோலு விரிச்சிட்டு நின்னவியதான். சாப்பிடக் கூப்பிட்டோம், வரல்ல. திரும்பவும் இல்ல. செபம் செய்யியாவன்னு நினைச்சோம்."

"எங்க நிக்காவ?"

"குடிலுக்க முன்னால. எங்களுக்கு முதுகுதான் தெரியுது." ஜான்ரோஸ் மூச்சு வாங்கினான். அவன் பின்னால் கேரல் பாட்டு ஒத்திகை நின்றுபோயிருந்தது. யாரோ பெண்பிள்ளை அழுகிற சத்தம். "பின்ன நான் முன்னால போய்ப் பாப்போம்னு குடிலெச் சுத்திப் போனேன் மக்கா. அந்தப் பக்கத்துல நின்னு பாத்தா..."

"பாத்தா?"

"அங்கயும் முதுகுதான்."

சன்னலில் சிரிப்பு.

"எந்தப் பக்கம் போனாலும் முதுகுதான் லேய். பாட்டுக்கு வந்த ரேஷ்மி மயங்கி விழுந்துட்டா. ஃபாதருக்கு ஆள் போயிருக்கு. நான் அதுக்காட்டு விளிக்கல்ல. மாமி இப்ப இங்க இல்ல. பைய நடந்து போயிட்டாவ. எதுக்க வந்த ஆளுவளுக்கும் முதுகெக் காட்டிட்டேதான் நடந்தாவளாம். உனக்க வீட்டுப் பாதையிலதான்..."

"எப்ப?"

"இருவது நிமிசம் இருக்கும்."

கோயிலிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷ நடை.

அழைப்பு துண்டானது. அல்லது அவன் கை துண்டித்தது.

"வரைஞ்சியா மக்கா?"

"இல்ல," என்றான். குரல் எங்கோ கீழே இருந்து வந்தது. "எனக்குத் தெரியல்லம்மா. உனக்க முதுகு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியல்ல."

சன்னலில் நின்றது அதைக் கேட்டது. கேட்டு, யோசிப்பதுபோல நின்றது. பிறகு, சாயா தந்த நேரத்திலிருந்து ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தது.

திரும்பியது.

வெள்ளை. ஆளுயர வெள்ளை. தலையுச்சியிலிருந்து குதிகால் வரைக்கும் புள்ளிக்கோடுகள், அவன் போட்டவை, அவன் போட்ட அதே இடைவெளியில். இரண்டு ஓரங்களிலும் நாக்குகள். பதினாலு. பதினைந்து. பதினாறு. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். ஈரத்தில் பசை விட்டுக்கொண்டிருந்தது. பதினேழாம் நாக்கு மெல்லச் சுருண்டு விளிம்பைவிட்டுப் பிரிந்தது. பிரிந்த இடத்தில் உள்ளே தெரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இருட்டு மட்டும் இருந்தது. இருட்டிலிருந்து பசைவாடை.

நடுமுதுகில், அவன் எல்லாப் பொம்மையிலும் போடுகிற எழுத்துருவில், ஒரு வரி: பின்பக்கம் வரையப்படவில்லை.

அது பின்னோக்கி ஓர் அடி வைத்து, கம்பிகளின்மேல் முதுகைச் சாய்த்தது. தாள் கம்பிகளுக்கு இடையே பிதுங்கி அறைக்குள் வந்தது. அவன் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. காத்திருந்தது.

டெனிஷின் கையில் ஒரு பேனா இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியாது. மை தீர்ந்த பேனா. மடிப்புக்கு அழுத்திக் கோடிழுக்கிற பேனா.

முற்றத்தில் கேட் கிறீச்சிட்டது.

சளக். சளக்.

முன்வாசல். நடுக்கூடம். ரப்பர் ஷீட்டுகள் ஒதுங்கி ஆடின. அடுக்களைக்குள் போயிற்று. டம்ளர் கழுவுகிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நாலு வருஷமாகக் காதில் விழுந்தும் விழாமல் போன ஒவ்வொரு சத்தமும், ஒழுங்காக, வரிசை தப்பாமல்.

சளக். சளக்.

அறைக்கதவு திறந்தது. விறகுப் புகை. தேங்காயெண்ணெய். அது அம்மாவின் வாசம். சந்தேகமே இல்லை. அழுகை வந்தது. ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். கொண்டை எங்கே, பின் எங்கே, எல்லாம் தெரிந்துவிடும். வரைந்துவிடலாம். இரண்டையும் ஒட்டிவிடலாம்.

கழுத்து திரும்பவில்லை.

இடது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. புறங்கை. முழங்கை அதற்கு வளையத் தெரியாத பக்கமாக வளைந்து, பின்னாலிருக்கிற ஒன்றைத் தடவித் தேடுகிறவள் கைபோல, மேசையைத் துழாவி, டம்ளரை வைத்தது.

ணங்.

ஆவி பறந்தது. சீனி வாசம்.

"சாயா." குரல் அவன் காதுக்கு வெகு அருகில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறவளின் குரல். சுவரைப் பார்த்துப் பேசுகிறவளின் குரல். "தணுத்துப் போனா என்னெச் சொல்லாத."

மடிக்கணினியின் மின்கலம் தீர்ந்தது. திரை கறுத்தது.

கறுத்த திரையில் அவன் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், அவன் இடது தோளின்மேல், கன்னத்தோடு கன்னம் வைப்பதுபோல வாஞ்சையாகக் குனிந்து, ஒரு கொண்டை. இடப்பக்கம் கொஞ்சம் சரிந்த கொண்டை. பச்சைப் பின். பிடரியில் ஒரு பழைய தழும்பு. அவனுக்குத் தெரியவே தெரியாத தழும்பு.

அது நகரவில்லை. வழக்கமான பதிலுக்காக, அவன் வாயிலிருந்து வர வேண்டிய அந்த ஓரெழுத்துக்காக, அங்கேயே குனிந்து நின்றது.